இலை நுனி சுருண்ட கொடி

பலாபத்வலைச் சந்தி தாண்டி மாத்தளைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் பலீலின் கடை வரும். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. றிப்னா அவருடைய மூத்த மகள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மகள் டொக்டராக வரவேண்டும் என்று உம்மா ஸஜீதா கேட்காத துஆ இல்லை. ஆனால் இரண்டாவது தடவை எழுதியும் மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. பேராதனையில் விஞ்ஞான பீடம்தான் கிடைத்தது. அங்கே போய் தாவரவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டாள். செடி கொடி படிப்பதற்கு கெம்பஸ் வரைக்கும் போகவேண்டுமா என்று கல்யாண வீடுகளில் கேட்டவர்கள் உண்டு. பலீல் சிரித்துச் சமாளித்துவிடுவார்.

அவளுக்கும் முதலில் அந்தப் படிப்புப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அடையாளம் காணும் பரீட்சை ஒன்று வைப்பார்கள். மேசைக்கு மேசை ஒரு கிளை, ஒரு காய், வேரில் ஒரு துண்டு இருக்கும். மணி அடித்தால் அடுத்த மேசைக்குப் போய்விட வேண்டும். றிப்னா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெயர் எழுதுகிறவள். முதல் தடவை பாதிக்கு மேல் பிழை. வெட்கத்தில் இரண்டு நாள் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எதற்கும் சட்டென்று பெயர் சொல்வதை விட்டுவிட்டாள். வீட்டு வேலியில் நிற்பதைக் கேட்டால்கூட, பூ வரட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்பாள். தம்பிமார் அதை வைத்துக் கேலி செய்வார்கள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் கொடிகளை எடுத்துக்கொண்டாள். மிளகுக் கொடி ஏறுகிற மரங்களில் வேறு என்னென்ன காட்டுக் கொடிகள் ஏறுகின்றன, அவை மிளகை எப்படி நெருக்குகின்றன என்பது விஷயம். அதற்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கொக்கோத் தோட்டம் வாய்த்தது. அங்கே கொக்கோ பாதி அழிந்து மிளகு வந்துவிட்டது. தோட்டம் அண்மையில்தான் கை மாறியிருந்தது. புதிய துரை கண்டிப்பானவர். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் கொண்டுவந்த பிறகுதான் அவளைக் கம்பி வேலிக்குள் விட்டார்.

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு மாடசாமியுடையது. அவர் மனைவி சந்திரகாந்தா மிளகு ஆய்கிறவள். றிப்னா சரிவில் கயிறு கட்டிக் கொடிகளை எண்ணிக்கொண்டு நின்றால், வேலை முடிந்து போகிற வழியில் அவளும் நின்று பார்ப்பாள். வெயில் ஏறினால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. இருவருக்கும் அது ஒத்துப்போனது.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. மழை நின்று வெயில் பிடித்திருந்த காலம். றிப்னா வழக்கம் போல லயத்துப் பக்கமாக வந்தாள். சந்திரகாந்தாவின் வீட்டு வாசலில் மாடசாமி மட்டும் ஒரு சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

முதல் நாள் அவர் ரத்தோட்டைப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டு, விடிந்துதான் திரும்பியிருந்தார். வந்து பார்த்தால் சந்திரகாந்தா எழும்ப முடியாமல் கிடக்கிறாள். இரவெல்லாம் வாந்தி, வயிற்றால் போகிறது. முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வந்திருக்கிறார். சேலைன் ஏற்றியிருக்கிறார்கள், இப்போது வாந்தி குறைந்துவிட்டது, பின்னேரம் வீட்டுக்கு விடுவார்கள் போலிருக்கிறது என்றார். என்ன சாப்பிட்டாள் என்று றிப்னா கேட்டதற்கு, ரொட்டியும் சம்பலும் என்று அவசரமாகச் சொன்னார்.

ஆனால் அவர் கையிலிருந்த சட்டியில் அவித்த கிழங்கு மிச்சம் இருந்தது.

அவள் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் தயங்கினார். பிறகு உண்மையைச் சொன்னார். மிளகு வைப்பதற்காகக் கீழ்ச் சரிவைத் துப்புரவாக்குகிறார்கள். அங்கே மண்ணைக் கிளறியபோது இந்தக் கிழங்கு வந்தது. காட்டு வள்ளி என்று நினைத்து எடுத்துவந்து அவித்திருக்கிறார்கள். துப்புரவாக்கிய இடத்தில் யாரும் எதுவும் தோண்டக்கூடாது என்பது துரையின் உத்தரவு. மரவள்ளி வைத்ததற்காக மாடசாமியை ஏற்கெனவே ஒரு தடவை ஒப்பீஸுக்குக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் ரொட்டி என்றே சொல்லியிருந்தார்கள்.

றிப்னா சட்டியை வாங்கி முழுதாகக் கிடந்த ஒன்றை எடுத்தாள். விரல் பருமன், வழுவழுப்பான தோல். நடுவில் முழங்கை போல மடங்கி இரண்டு பக்கமும் கூராகப் போனது. வள்ளிக் கிழங்காக இருந்தால் தோல் முழுக்க வேர்மயிர் இருக்கும். இதில் இல்லை. மனதில் ஒரு பெயர் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவித்துக் குழைந்த கிழங்கு. இதை வைத்து மட்டும் எப்படிச் சொல்வது?

எங்கே தோண்டினார்கள் என்று காட்டச் சொன்னாள். இருவரும் கீழ்ச் சரிவுக்கு ஓடினார்கள்.

அங்கே பச்சையாக ஒன்றும் இல்லை. வெட்டிப் போட்ட கொடிகளும் புதர்களும் காய்ந்து குவியலாகக் கிடந்தன. பாதிக் குவியலை எரித்தும் விட்டிருந்தார்கள். றிப்னா முழங்காலை ஊன்றி மீதியைக் கையால் கிளறினாள். முள் கிழித்தது. பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த தண்டு மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மெதுவாக இழுத்தாள். தண்டில் நாலைந்து இலைகள் மிஞ்சியிருந்தன. ஒன்றைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து விரலால் விரித்தாள். நீண்ட இலை, நரம்புகள் நேராக ஓடின. நுனி சுருண்டிருந்தது. வாடியதால் சுருண்டதில்லை. பற்றிப் பிடிப்பதற்காகக் கொடியே அப்படி முறுக்கிக்கொண்ட நுனி. இங்கே வேறெந்தக் கொடியின் இலையும் அப்படிச் சுருண்டு முடிவதில்லை. கொஞ்சம் தள்ளி வெடித்த காய் ஒன்று கிடந்தது. உள்ளே விதைகள் சிவப்பாக இருந்தன.

நியங்கல. தமிழில் கார்த்திகைப் பூ என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்கிற கொடி. பூத்து நிற்கும்போது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பூவும் இலையும் காய்ந்து போனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை யாரும் வள்ளி என்றுதான் நினைப்பார்கள். அதன் நஞ்சு அவித்தாலும் போகாது. முதலில் வாந்தி, பேதி. பிறகு அது நின்று சுகம் வந்தது போலிருக்கும். அந்த நேரத்தில்தான் நஞ்சு உள்ளே இருதயம், சிறுநீரகம், எலும்பு மச்சை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அவள் இதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தாள். இப்போது வரிக்கு வரி ஞாபகம் வந்தது.

இலையையும் காயையும் படம் எடுத்துத் தன் விரிவுரையாளருக்கு அனுப்பினாள். சரிவில் சிக்னல் இல்லை. படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. தண்டு, காய், கிழங்கு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

அவள் முகத்தைப் பார்த்தே மாடசாமிக்கு விளங்கிவிட்டது. பாதையை மறித்து நின்றார்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரியில கிழங்குன்னு சொல்லிறாதீங்க. தொரை காதுக்குப் போனா என் பேர வெட்டிருவாங்க. வீட்டயும் விடச் சொல்வாங்க. அவளுக்குத்தான் இப்ப கொறஞ்சிருச்சே."

"கொறையல்ல அண்ணன்," என்றாள் றிப்னா. "அப்படித்தான் தெரியும். சொல்லாட்டி அக்கா மவுத்தாகிருவாங்க."

அவர் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு விலகி வழி விட்டார்.

கடைக்கு ஓடிவந்து வாப்பாவிடம் இரண்டே வசனத்தில் விஷயத்தைச் சொன்னாள். பலீல் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசை அப்படியே விட்டுவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். பின்னாலேயே வந்த மாடசாமியையும் ஏற்றிக்கொண்டு கடையின் சின்ன லொறியில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வாட்டில் இருந்த டொக்டர் இளைஞர். நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். றிப்னா சிங்களத்தில் சொல்லத் தொடங்கியபோது முதலில் அவர் தலை நிமிரவில்லை. நியங்கல என்ற சொல் காதில் விழுந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அவள் பையிலிருந்ததை மேசையில் பரப்பினாள். கிழங்கைக் காட்டினாள், இலை நுனியைக் காட்டினாள், காயைக் காட்டினாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"தாவரவியல் படிக்கிறேன் சேர். கடைசி வருசம்."

"இது நிச்சயமா?"

பிழையாக இருந்தால்? ஒரு குடும்பத்தின் வேலையும் வீடும் போய்விடும். பிழையாக இருந்து அவள் பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. சரியாக இருந்து பேசாமல் இருந்தால்? மறுபடி இலையைப் பார்த்தாள்.

"நிச்சயம் சேர். கிழங்க மட்டும் வச்சி சொல்லல்ல. இலையும் காயும் அதே இடத்தில எடுத்தது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. உடனே சந்திரகாந்தாவுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். இருதயத்தைப் பார்க்கிற இயந்திரத்தைப் பூட்டினார்கள். கண்டிக்கு அனுப்புவதற்கு அம்புலன்ஸ் கேட்டார். பிறகு மாடசாமியிடம் திரும்பி, வேறு யார் சாப்பிட்டது என்றார்.

மாடசாமி றிப்னாவின் பக்கம் திரும்பினார். றிப்னா தமிழில் திருப்பிக் கேட்டாள்.

"மச்சானும் சாப்பிட்டான்," என்றார். "அவ தம்பி முத்துவீரன். லீவுக்கு வந்திருந்தான். அவனும் ராவெல்லாம் வாந்தி எடுத்தானாம். காலையில நின்னுருச்சின்னு மொத பஸ்ஸுல லக்கலைக்குப் போயிட்டான்." பிறகு, "அவன்தான் நெறையச் சாப்பிட்டது. அவதான் அவனுக்குன்னு போட்டுக் குடுத்திருக்கா" என்றார்.

முத்துவீரன் லக்கலைப் பக்கம் யானை வேலிக்குக் கம்பம் நடுகிற ஒரு கூட்டத்தில் வேலை செய்தான். லீவு முடிந்த அன்றைக்கே போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவனுடைய போனுக்கு எடுத்தார்கள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். டொக்டர் லக்கலையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பேசி ஆயத்தமாக இருக்கச் சொன்னார். ஆனால் வேலி போடுகிற இடத்தை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. போய்த்தான் தேட வேண்டும்.

மாடசாமி மனைவியோடு கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. பலீல் லொறிச் சாவியைக் கையில் எடுத்தார்.

"ஏறுங்க மகள்," என்றார்.

ரத்தோட்டை வரைக்கும் வெயில். அதற்குப் பிறகு தேயிலைக்குள் வளைவுகள் ஏற ஏறக் குளிர் வந்தது. மலையுச்சியில், ரிவர்ஸ்டனில், மூடுபனி இறங்கிப் பாதை மறைந்துவிட்டது. எதிரில் வருவது ஹோர்ன் சத்தத்தில்தான் தெரிந்தது. பலீல் விளக்கைப் போட்டு ஊர்ந்து ஓட்டினார். உதடு ஸலவாத்தை ஓதி அசைந்துகொண்டிருந்தது. அவர் இந்தப் பாதையில் கராம்பு ஏற்ற நூறு தடவை வந்தவர். அன்றைக்கு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மகள் மடியில் போனை வைத்துக்கொண்டு சிக்னல் கோடு வருகிறதா என்று பார்த்தபடி இருந்தாள். ஒரு வளைவில் வந்தது. விரிவுரையாளரின் பதில் வந்து விழுந்தது. ஆம், அதுதான், உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அவள் அதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். முதல் தடவையாக அழுதாள். பலீல் கியரை மாற்றினார்.

மலை இறங்கியதும் மறுபடி வெயில், காய்ந்த புல், வெட்டி எரித்துப் பயிரிட்ட சேனைக் காடு. கடைகளில் நின்று கேட்டார்கள். ஒருவர் கிழக்கே என்றார், இன்னொருவர் அந்த வேலை போன மாதமே முடிந்தது என்றார். பிழையான பாதையில் போய்த் திரும்பினார்கள். கடைசியில் சைக்கிளில் வந்த ஒரு மனிதர் வயல் கரையோடு போகும் மண் பாதையைக் காட்டினார்.

புதிதாக நட்ட கம்பங்கள் வரிசையாகத் தெரிந்தன. கம்பி இன்னும் இழுக்கவில்லை. ஒரு மர நிழலில் முத்துவீரன் சாக்கை விரித்துப் படுத்திருந்தான். இருபத்தைந்து வயது மதிக்கலாம். வெயில் பிடித்துவிட்டது என்று அவனுக்குத் தெம்பிலி இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். குடித்ததை வாந்தி எடுத்திருந்தான். உதடு வெளிறி, கண் உள்ளே போயிருந்தது. ஆனாலும் ஆட்களைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றான். கூட்டத்தை நடத்துகிற பாஸ் முன்னால் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுக்க வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான்.

றிப்னா அவன் முன்னால் குந்தினாள். ஒளித்துச் சொல்ல நேரமில்லை.

"நீங்க சாப்பிட்டது வள்ளிக் கெழங்கு இல்ல. நியங்கல. இப்ப சொகம் மாதிரி இருக்கும், ஆனா உள்ளுக்கு வெசம் வேல செய்யிது. இங்க படுத்திருந்தா திரும்ப எழும்ப மாட்டீங்க."

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். யார் இந்தப் பெண் என்பது போல. பிறகு வேறொரு நினைவு வந்தது அவனுக்கு.

"அக்கா?"

"கண்டிக்குக் கொண்டு போறாங்க."

அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். ஓரடி வைத்ததும் கால் மடிந்தது. கூட வேலை செய்கிற இருவர் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். பாஸ் தானே முன்னால் மோட்டார் சைக்கிளில் போய் ஆஸ்பத்திரி வழியைக் காட்டினார். அங்கே சேலைன் ஏற்றி, அவனையும் அம்புலன்ஸில் மலை தாண்டி அனுப்பினார்கள். லொறி பின்னாலேயே போனது. வளைவுகளில் அம்புலன்ஸின் சிவப்பு விளக்கு பனிக்குள் மறைந்து மறைந்து வந்தது. அது நின்றுவிடக்கூடாது என்று றிப்னா மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நின்றால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம் என அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள்தான் கடினமானவை. அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. உடம்பைத் தாங்கிப் பிடித்து, அது தானாகக் கழியும் வரை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சந்திரகாந்தா கொஞ்சமாகவே சாப்பிட்டிருந்தாள். அவளுடைய இரத்த அணுக்கள் குறைந்து, பிறகு மெல்ல ஏறின. ஒரு வாரத்துக்குப் பிறகு வாட்டில் எழும்பி நடந்தாள். முத்துவீரன் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடந்தான். சிறுநீரகம் நின்றது. பிழைப்பான் என்று யாரும் சொல்லவில்லை, பிழைக்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. றிப்னா விரிவுரை முடிந்து பேராதனையிலிருந்து பஸ் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவாள். உள்ளே விடமாட்டார்கள். மாடசாமி வெளியே போட்ட மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். தள்ளி அவளும் உட்காருவாள்.

மாடசாமி பயந்தபடியே நடந்தது. எப்படியோ செய்தி தோட்டத்துக்குப் போய், விசாரணை என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். றிப்னா துரையிடம் போய்ப் பேசினாள். பல்கலைக்கழகத்துப் பெண் என்று கதிரை கொடுத்தார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள், முடிவை மாற்றவில்லை. திரும்பி வந்து வாங்கில் அவரிடம் அதைச் சொன்னபோது அவர் சாரத்தின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"உங்க மேல கோவம் இல்ல தங்கச்சி," என்றார் பிறகு. "ஆனா உங்களப் பாத்தா என்ன பேசுறதுன்னு தெரியல்ல."

அவளுக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் போனாள்.

முத்துவீரன் கண் விழித்து, சிறுநீர் போகத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் தலையணை முழுக்க முடி உதிர்ந்து கிடந்தது. சந்திரகாந்தா அதைக் கண்டு சாவு வீடு போல அழுதாள். முடி உதிர்வது அந்த நஞ்சின் குணம், அது திரும்ப முளைக்கும், இந்தக் கட்டம் வரை வந்தவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான் என்று டொக்டர் சொன்னதை றிப்னா அவளுக்குத் தமிழில் சொன்னாள். சந்திரகாந்தா அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் றிப்னாவின் கையை விடவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவனுக்குப் பாதம் மரத்துப்போய்ப் பல மாதம் இருந்தது. யானை வேலி வேலைக்கு அவன் திரும்பிப் போகவில்லை. இப்போது மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். முடி முளைத்துவிட்டது, முன்பை விடச் சுருட்டையாக. மாடசாமி லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் வேலை தேடிக்கொண்டார். வீட்டை விடச் சொல்லித் தோட்டத்தில் இரண்டு தடவை வந்தார்கள். சந்திரகாந்தா இன்னும் மிளகு ஆய்கிறாள் என்பதால் வீடு தப்பியது.

றிப்னா பட்டம் முடித்தாள். மிளகு ஆராய்ச்சி செய்கிற ஒரு நிலையத்தில் இப்போது உதவியாளராக வேலை. செடி படிக்க கெம்பஸ் எதற்கு என்று இப்போதும் கல்யாண வீடுகளில் கேட்கத்தான் செய்கிறார்கள். பலீல் இப்போது சிரித்துச் சமாளிப்பதில்லை. கேட்டவரை உட்காரவைத்து, ரிவர்ஸ்டன் பனியில் லொறி ஓட்டிய கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுகிறார். மகளுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. அவள் எழும்பி உள்ளே போய்விடுவாள்.

அந்த வருடமே, அடுத்த மழைக்குச் சரிவில் நியங்கல திரும்ப முளைத்திருந்தது. லயத்துப் பெண்கள் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். றிப்னா போனாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, மிளகுக் கொடிகளுக்கு மேலே ஏறி நின்றது. பூவோடு காட்டினாள், இலை நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், கிழங்கைக் கிளறி எடுத்துக் காட்டினாள். லயத்துக்குப் பக்கத்தில் நின்றதையெல்லாம் பெண்கள் மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் குழியில் போட்டு மூடினார்கள். முத்துவீரனும் அன்றைக்கு வந்திருந்தான். சரிவில் இறங்கமாட்டேன் என்றுவிட்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே றோட்டிலேயே நின்றான். வேலை முடிந்து எல்லாரும் ஏறி வந்தபோது, சந்திரகாந்தா றிப்னாவிடம், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றாள். உள்ளே மாடசாமி இருந்தார். றிப்னாவைக் கண்டு எழும்பி, கதிரையை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் சுட வைக்கப் போனார்.